பரீட்சை முடியட்டும்

எண்பத்து நான்கு. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் முதல் தடவை எனக்கு வந்த பெர்சன்டைல் அதுதான். அந்தப் பரீட்சையைப் பற்றித் தெரிந்தவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். எங்கள் ஊரில் நிலைமை வேறு. "எம்பத்தி நாலா? கெட்டிக்காரிதான்" என்று பால்காரர் வரைக்கும் பாராட்டினார். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நூற்றுக்கு எண்பத்து நான்கு வாங்கிய பெண் எதற்காக அதே பரீட்சையை மறுபடியும் எழுதப் போகிறேன் என்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் விளங்கியது. நூறு பேர் எழுதினால் எண்பத்து நான்கு பேர் எனக்குப் பின்னால், மற்றவர்கள் எனக்கு முன்னால், பெரிய கல்லூரிகளில் கூப்பிடுவது முன்னால் நிற்கிற ஓரிரண்டு பேரைத்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வாய்க்கா தலைப்புல இருக்கறவனுக்குத்தான் தண்ணி. நீ கடைமடையில நிக்கிற" என்றார். பயிற்சி வகுப்பில் பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய லட்சியமெல்லாம் இருந்ததில்லை. பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை எடுத்து, கலர் கலராகப் படம் போட்டு, மேலே இருப்பவர்களிடம் காட்டிப் பேர் வாங்குகிற ஒருத்தன் அங்கே இருந்தான். எம்.பி.ஏ. படித்தவன். என்னைவிட இளையவன். தினமும் காலையில் அவன் முன்னால் நின்று நேற்று என்ன செய்தேன் என்று ஒப்பிக்க வேண்டும். இவனே படித்துவிட்டான், நமக்கென்ன கேடு என்று ஒருநாள் எரிச்சலில் தோன்றியது. விண்ணப்பம் போட்டதற்கு அதைத் தவிர வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அந்தப் பரீட்சை நவம்பர் கடைசியில் வரும். டெல்டாக்காரர்களுக்கு அது கார்த்திகை மழைக் காலம். நட்ட சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கிற சமயத்தில் வானம் பொத்துக்கொண்டால் ஊரே வரப்பில்தான் நிற்கும். நான் முதல் தடவை எழுதிய வருஷம் அப்படித்தான் ஆனது. பரீட்சை அன்று காலையில் அப்பா ஃபோன் செய்தார். நன்றாக எழுது என்று சொல்லத்தான் கூப்பிட்டார். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கப்புறம் அவரால் அடக்க முடியவில்லை.

"எல்லாம் முங்கிப் போச்சும்மா. கடலாட்டம் கெடக்கு. எது வரப்பு எது வயலுன்னு தெரியல" என்றார். குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வடிஞ்சிடும்பா. நாளைக்கு வெயிலடிக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினேன்.

மார்க் குறைந்ததற்கு அந்த ஃபோன் காரணமில்லை. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எட்டுப் பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், டாக்டருக்கு எதிரே வக்கீல் இல்லை, நீலச் சட்டைக்காரருக்கு இடப்பக்கம் ஒரு பெண் என்று ஒரு கேள்வி வந்தது. அதை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவர்களை உட்கார வைப்பதற்குள் அந்தப் பகுதிக்கான நேரம் முடிந்து போனது. மிச்சம் இருந்த சுலபமான கேள்விகளைப் பார்க்கக்கூட இல்லை. இதுதான் நடந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "எட்டுப் பேரு வட்டமா உக்காந்ததுக்கா நீ கோட்டை விட்ட? பந்தியில எட்டு நூறு பேர உக்கார வெப்போம், ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்" என்று சிரித்தார். ஆனால் நம்பவில்லை. தன் ஃபோன்தான் காரணம், அப்பா மனசு நோகக் கூடாதென்று பெண் ஏதோ கதை கட்டுகிறாள் என்று நினைத்தார்.

அதற்குத் தூபம் போட்டவர் மாமா. அம்மாவுக்கு மூத்தவர், பட்டுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷக் கணக்கில் தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்ததால், பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மனசு தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். பொங்கலுக்கு வந்தவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்ள, பரிட்சைக்குப் பொறப்படற புள்ளகிட்ட எழவு சேதி சொல்ற மாதிரி சொல்லியிருக்கீங்க. அது எப்படி எழுதும்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். வாயி சும்மா இருந்திருக்கணும்" என்றார். நான் குறுக்கே விழுந்து வட்ட மேஜைக் கதையை மறுபடியும் ஆரம்பித்தேன். மாமா கையமர்த்தி, "உனக்குத் தெரியாது பாப்பா. அடி மனசுல ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். என் அடி மனசு எனக்குத் தெரியாதாம், பட்டுக்கோட்டையில் இருக்கிறவருக்குத் தெரியுமாம்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு சட்டம் மாதிரி. பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. நான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவின் சித்தப்பா தாராசுரத்தில் இறந்துபோனார். என்னைத் தூக்கி வளர்த்தவர். கடைசிப் பரீட்சை முடிந்து நான் மை படிந்த கையோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்கள். காரியமே முடிந்திருந்தது. அழுதேன். ஆனால் அதைத் தப்பாக நினைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். "புள்ளைக்குப் பரிட்சை முடியட்டும்" என்று ஒருவர் சொன்னால் சாவு வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இரண்டாம் தடவை எழுதுகிறேன் என்று முடிவெடுத்த அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கஷ்டம் என்று ஒன்றே கிடையாது. ஃபோனில் எப்போது கேட்டாலும் எல்லாரும் சௌக்கியம், எல்லாம் நன்றாக இருக்கிறது. எனக்கே சந்தேகமாக இருந்தது. தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஆடி மாதமே போர்செட் மோட்டார் எரிந்துபோய் அடுத்த வீட்டுக்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் வாங்கி நாற்று விட்டிருக்கிறார்கள். பசுமாடு ஒன்று செத்துப்போயிருந்தது. அம்மாவுக்கு டைபாய்டு வந்து போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? தொட்டா ஒடஞ்சிடுவேனா?" என்று பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

அப்பா வாய் நிறைய வெற்றிலையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்து, "பரிட்சை முடியட்டும்மா. அப்பறம் எல்லாக் கஷ்டத்தையும் சேத்து வெச்சு உன் தலையிலதான் கொட்டப் போறேன். வேணாம் வேணாம்னு நீ கத்தணும்" என்றார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து படிக்கிறேன் என்று சொன்னேன். அதையும் வேண்டாம் என்றுவிட்டார். இங்கே வந்தால் மழை, வயல், வடிகால் என்று மனசு ஓடும், அங்கேயே இரு என்றார். பரீட்சை சென்னையில்தான் என்பதால் எனக்கும் அது சரியாகப் பட்டது. தீபாவளி முடிந்து கும்பகோணம் பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிவிட்டார். பேருந்து கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, பின்சீட்டில் உட்காராதே, தூக்கிப் போடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது மூன்றாவது வரிசையில்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில் வடிகாலில் அடைப்பு எடுக்கப் போன அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார், கை வரவில்லை. பக்கத்து வயல்காரர் பார்த்து ஆள் சேர்த்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரோக், ஆனால் லேசானது, சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் கை கொஞ்சம் அசைந்தது. பேச்சு வந்தது, ஆனால் நாக்கு புரளவில்லை. குழறியது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பேசுவேன். திங்கட்கிழமை அம்மா எடுத்தாள். அப்பா எங்கே என்றேன். வயலுக்கு என்றாள். செவ்வாய்க்கிழமை கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கப் போயிருக்கிறார் என்றாள். புதன்கிழமை மறுபடியும் வயல். மழைக் காலத்தில் ஒரு விவசாயி வயலில் இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார்.

"சாப்டியாம்மா" என்றார். சொற்கள் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"என்னப்பா, வாயில கொழுக்கட்டையா?" என்றேன்.

"வெத்தலை போட்டிருக்கேன்."

"துப்பிட்டுப் பேசுங்களேன். ஒண்ணும் புரியல."

"இப்பத்தாம்மா போட்டேன். துப்ப மனசு வரல."

அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பாமல் இருந்திருக்க மாட்டார்கள். காலையில் பல் தேய்த்த கையோடு வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிறவர் அவர். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. அதை வாயில் அடக்கிக்கொண்டு முகத்தை அண்ணாந்து வைத்தபடி பஞ்சாயத்துப் பேசுவார், சம்பளம் பேசுவார், பெண் பார்க்க வந்தவர்களிடம் பதில் சொல்வார். பிறந்ததிலிருந்து அந்தக் குழறலைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது அப்பாவின் குரலில் ஒரு பாதி. பின்னால் யாரோ ஒரு பெண் சத்தமாக ஏதோ கேட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்றேன். கடைத்தெருவில் என்றார்.

"இந்தத் தடவை அந்த எட்டுப் பேரு வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். இதை மெதுவாக, சொல் சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"நீங்களே எப்படியோ உக்காந்துக்கங்கடான்னு விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவேன்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வெற்றிலைச் சாறு புரையேறிவிடுமே என்று அடக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "தைரியமா எழுது" என்றார். "இங்க எல்லாம் நல்லா இருக்கு. தண்ணி வடிஞ்சிடுச்சு" என்றார். வைத்துவிட்டார். அப்பா என்னிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை தண்ணீர் வடிந்துவிட்டது என்பதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. இது பெரியது. வலப்பக்கம் முழுக்கப் போனது, பேச்சு அடியோடு போனது. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். அம்மா ஃபோனைக் கையில் எடுத்தாளாம். மாமாதான், "இத்தன நாள் தாக்குப் பிடிச்சாச்சு. நாளைக்கு ஒரு நாள். காலையில எழுதி முடிச்சிடுவா" என்று வாங்கி வைத்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் நிறைய வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவரும் அவர்தான். என்ன சொல்வது.

பரீட்சையை நன்றாக எழுதினேன். எட்டுப் பேர் வரவில்லை. அதற்குப் பதில் ஆறு லாரிகள் நான்கு ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போயின. இரண்டு வரி படித்ததும் இது ஆகாது என்று தெரிந்து விட்டுவிட்டு நகர்ந்தேன். அவ்வளவு லேசாக இருந்தது. வெளியே வந்ததும் அப்பாவுக்குத்தான் முதலில் போட்டேன். மாமா எடுத்தார். இவர் எங்கே இங்கே என்று யோசிப்பதற்குள், "எழுதிட்டியா பாப்பா? நல்லா எழுதினியா?" என்று கேட்டார். நல்லா எழுதினேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சரி. பொறப்பட்டு நேரா தஞ்சாவூர் வந்துடு. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல" என்றார்.

கொஞ்சம் முடியல என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். விழுப்புரம் வரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. அப்புறம் நானே நிறுத்திவிட்டேன்.

தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். மாமா நின்றிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு, டீ குடிக்கிறியா என்றார். அங்கேயே நிற்கவைத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து என்று அவர் சொன்னதும், "வியாழக்கிழம என்கிட்ட பேசினாங்களே, கடைத்தெருவுலேர்ந்து" என்றேன்.  மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாதான் சொன்னாள், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "வெத்தலையா? தண்ணியவே ஸ்பூன்ல குடுங்க, பொரையேறிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வெத்தலைக்கு எங்க போறது. ரெண்டு நாளா என்கிட்ட பேசிப் பேசிப் பாத்தாங்க. 'சாப்டியா'ன்னு சொல்றேன், சரியா வருதா கேளு, சரியா வருதா கேளுன்னு. எவ்வளவு சொன்னாலும் கொழகொழன்னுதான் வந்துச்சு. அப்பறம் அவங்களாத்தான் சொன்னாங்க, வெத்தலை போட்டிருக்கேன்னு சொல்லிட்டா நம்பிடுவான்னு."

அந்த வாரத்தில் நான் ஒரு நாள் வந்திருந்தால் போதும். குழறினால் குழறட்டும், எனக்கு அது புரியாத பாஷையா? எல்லாக் கஷ்டத்தையும் சேர்த்து வைத்துச் சொல்கிறேன் என்றாரே, அதைச் சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லாமல் கிடந்திருந்தாலும் நான் ஏதாவது சொல்லியிருப்பேன், அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். திங்களிலிருந்து சனிவரை அவருக்குப் பேச்சு இருந்தது. அதில் எனக்குக் கிடைத்தது ஒரு ஃபோன். அதுவும் என்னை ஏமாற்றுவதற்காகப் பேசியது.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தார். கண் திறந்து பார்ப்பார். என்னைத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். முதல் நாள் காதருகே குனிந்து, "பரிட்சை முடிஞ்சிடுச்சுப்பா. நல்லா எழுதியிருக்கேன்" என்றேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து இழுத்து மறுபடியும் வந்தது. எவ்வளவு மார்க் வருமுன்னு கேக்கறாங்க என்றாள் அம்மா. ஊருக்குப் போகணும்கறார் என்றார் மாமா. அவரவருக்கு வேண்டியது அவரவருக்குக் கேட்டது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை. இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகக்கண்ணில் வயல் சேறு இன்னும் இருந்தது. நர்ஸ் துடைத்தும் போகவில்லை என்றார்.

கார்த்திகை முடிவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த கொஞ்ச நாளைக்கெல்லாம் முடிவு வந்தது. நான் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமா விடவில்லை. தன் ஃபோனில் போட்டுப் பார்க்கத் தெரியாமல் என் கையிலேயே கொடுத்தார். தொண்ணூற்றேழு சொச்சம்.

மாமா அழுதுவிட்டார். கண்ணீரோடு அப்பா படத்தின் முன்னால் போய் நின்று, "மாப்ள, பாத்தீங்களா? சொல்லாம இருந்தது வீண் போகல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போன தடவை சொன்னாரு, எம்பத்தி நாலு. இந்தத் தடவை வாயக் கட்டிக்கிட்டு இருந்தாரு, தொண்ணூத்தி ஏழு. அந்தப் பதிமூணும் உங்கப்பா குடுத்ததும்மா" என்றார்.

எங்கிருந்துதான் எனக்கு அப்படி ஒரு குரல் வந்ததோ தெரியாது. "யாருக்கு வேணும் அந்தப் பதிமூணு?" என்று கத்தினேன். "எட்டுப் பேரு மேஜையச் சுத்தி உக்காந்தாங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டனே, ஒருத்தராவது காதுல வாங்கினீங்களா? அந்த ஃபோனால எனக்கு ஒரு மார்க்குகூடக் கொறையல. கொறஞ்சதுன்னு நீங்களா முடிவு பண்ணி, எங்கப்பா வாய அடச்சிட்டீங்க." பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.  மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் பேருந்து பிடிக்கக் கிளம்பினார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அம்மா கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கழுவிக் கொடுத்தேன். 

"திங்கக்கெழமையே சொல்லியிருந்தா வந்திருப்பியா?" என்று கேட்டாள்.

"வந்திருப்பேன்."

"பரிட்சைய விட்டுட்டா?"

"விட்டுட்டு."

தலையாட்டினாள். "அதத்தான் அவங்களும் சொன்னாங்க. சொன்னா வந்துடுவான்னு." தேய்த்த குண்டானை என்னிடம் நீட்டினாள்.

அதற்கப்புறம் அம்மாவிடம் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்து அவர்கள் மறைத்திருந்தால் சண்டை போடலாம். வந்துவிடுவேன் என்று தெரிந்து மறைத்திருக்கிறார்கள். என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்தவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது.

நேர்காணலுக்கு இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டன. அம்மா போ என்றாள். போனேன். ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் என் இரண்டு மதிப்பெண்களையும் பார்த்துவிட்டு, இந்த முறை இவ்வளவு ஏறியிருக்கிறதே, எதை மாற்றிச் செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். திருப்பி எழுதியவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். பதில் தயாராக வைத்திருந்தேன். நேரத்தைப் பங்கிடக் கற்றுக்கொண்டேன் என்றேன். அது உண்மையும்கூட. அவர் திருப்தியாகத் தலையசைத்தார். எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து, பதற்றப்பட வேண்டாம், தண்ணீர் குடி என்றார்.

இடம் கிடைத்தது. வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள். வயலைக் குத்தகைக்கு விட்டோம். மாமாவோடு பேச்சுவார்த்தை மெல்லத் திரும்ப வந்தது. அவர்தான் கும்பகோணம் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார், பெட்டியைத் தூக்கி சீட்டுக்கடியில் தள்ளினார், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்ததற்கே வாங்கியது. இரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று இனி யார் பார்ப்பது.

"அம்மா" என்றேன். "உனக்கு ஒடம்புக்கு எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லணும். அன்னைக்கே சொல்லணும். மாமாகிட்ட கேக்காத, யார்கிட்டயும் கேக்காத. எனக்கு ஃபோன் பண்ணு."

"சொல்றேன்."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

கம்பிக்குள் கையை விட்டு என் தலையைத் தொட்டாள். அடிக்கவில்லை. கலைந்து கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் எடுத்து விட்டாள்.

"சொல்றேம்மா. பரிட்சை கிரிட்சை ஏதும் இல்லன்னா கட்டாயம் சொல்றேன்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. அங்கே வாரத்துக்கு ஒரு பரீட்சை இருக்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.